வீடில்லை என்று ஒரு சத்தியக்கடதாசி

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் லோயரின் கந்தோர் இருந்தது. அங்கே என் மேசை சுவரைப் பார்த்தபடி கிடந்தது. யன்னல் வெளிச்சம் தட்டச்சு இயந்திரத்தில் விழவேண்டும் என்பதற்காகப் போட்டதுதான். ஆனால் வருகிறவர்களுக்கு என் முதுகு மட்டுமே தெரியும். லோயரின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கியதையெல்லாம் அவர்கள் என் முதுகைப் பார்த்துச் சொன்னார்கள். லோயர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு மேசையைத் திருப்ப விடவில்லை.

"இவன்ட வாய்க்கு வேலை இல்ல. முதுகுக்கு நல்ல காது இரிக்கி. நீங்க சொல்லுங்க" என்று வருகிறவர்களிடம் சொல்லுவார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. புதிய ஆளின் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் நின்றுகொண்டிருப்பேன். எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டேன். அதற்குப் பிறகு தட்டச்சுப் பழகினேன். அதில் யாருடனும் கதைக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் லோயரிடம் சேர்ந்தேன். அப்போது எங்களிடம் வந்தவை காணி அனுமதிப்பத்திரம், வாய்க்கால் தண்ணீர்த் தகராறு, சவூதிக்குப் போகிறவர்களின் கடிதங்கள். இறக்காமம் பக்கத்திலிருந்து வயல்காரர்கள் வந்து யானை வயலை மிதித்ததற்கு நட்டஈடு கேட்டு மனு எழுதிக்கொண்டு போவார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வழக்குக் கோவைகளில் இருந்த பெரிய அநியாயக்காரன் யானைதான்.

சில வருடங்களில் எல்லாம் மாறியது. இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோன மகனைக் காணவில்லை என்று தாய்மார் வந்தார்கள். எரிந்த வீடுகளைப் பற்றிச் சொல்ல வந்தார்கள். தமிழர்களும் வந்தார்கள், முஸ்லிம்களான எங்கள் ஆட்களும் வந்தார்கள். லோயர் அவற்றைச் சத்தியக்கடதாசிகளாக எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஜெனீவாவிலும் லண்டனிலும் இருந்த மனித உரிமைக் கந்தோர்களுக்கு அனுப்பினார். கொழும்பில் அவருடன் படித்த ஒருவர் அந்த விலாசங்களைக் கொடுத்திருந்தார். கடிதம் கிடைத்தது என்று சில வேளைகளில் அச்சடித்த அட்டை ஒன்று வரும். அதைக் கண்டால் லோயர் ஒரு பிளேன்டீ கூடுதலாகக் குடிப்பார்.

அவர் எனக்குச் சொல்லித்தந்த சட்டம் மூன்று வசனம்தான். கண்டதைக் கண்டதென்று எழுது. கேட்டதைக் கேட்டதென்று எழுது. தேவையில்லாததை எழுதாதே. தமிழில் சொல்வதை நான் தமிழில் அடிப்பேன். அவர் கையால் எழுதித் தரும் ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பேன். வாசித்து விளங்க எனக்குத் தெரியாது. பிழையில்லாமல் அடிக்கத் தெரியும்.

பின்னேரம் சைக்கிளில் சாய்ந்தமருதுக்குத் திரும்பும்போது தேநீர்க் கடையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். முன்பு கூப்பிட்டு இருக்கச் சொன்னவர்கள் போகப் போகக் கூப்பிடவில்லை. நான் போய் அமர்ந்தால் கதை மீனுக்கும் மழைக்கும் மாறும். யாருடைய மகனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. அதுதான் பயம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. என்னிடமும் சொல்லக்கூடிய கதை ஒன்றும் இருக்கவில்லை. பகலில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வேறு எதுவும் என் வாழ்க்கையில் நடக்கவில்லை.

நான் இருந்தது என் மூத்த சகோதரியான ராத்தாவின் வீட்டில். பின்பக்கம் ஓர் அறை. ஒரு காலத்தில் அது எங்கள் உம்மாவின் வீடு. ராத்தாவுக்குக் கலியாணம் பேசியபோது அவளுக்கு எழுதப்பட்டது. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போவான். முஸ்லிம்களிலும் அப்படித்தான், பக்கத்துத் தமிழர்களிலும் அப்படித்தான். வாப்பா கரைவலைக்காரர். அவர் மௌத்தான பிறகு தங்கச்சிக்கு ஒரு வீடு கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கல் அரிந்தேன், மண் சுமந்தேன், சம்பளம் முழுவதையும் சீமெந்தாக்கினேன். அந்த வீட்டுக்கு ஓடு போட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பிறகு யாரும் என்னைப் பேசி வரவில்லை. பேசி வந்திருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

அந்தப் பெண் வந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில், ஒரு காலை நேரம். வீரமுனைப் பக்கத்துத் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கலாம். லோயர் நீதிமன்றத்துக்குப் போவதற்காகக் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். அவளுடைய புருஷனை ஒரு சுற்றிவளைப்பில் பிடித்து, பல மாதம் வைத்திருந்து விட்டிருக்கிறார்கள். திரும்பவும் தேடி வந்தபோது அவன் வீட்டில் இல்லை. வீட்டைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அவன் எப்படியோ கொழும்புக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனிக்குப் போய்விட்டான். அங்கே அகதியாக ஏற்கும்படி கேட்டிருக்கிறான். வீடு எரிந்ததற்கு மனைவியின் சத்தியக்கடதாசி வேண்டும் என்று எழுதியிருந்தான். ஏற்காவிட்டால் அவனை விமானத்தில் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பினால் அவனைத் தேடுகிறவர்கள் இங்கே இருந்தார்கள்.

"மாதிரி ஒண்டு இரிக்கி. அதப் பார்த்து அடி. நான் வந்து ஒப்பம் வைக்கிறன்" என்று சொல்லிவிட்டு லோயர் படியிறங்கினார்.

மாதிரி கொழும்பிலிருந்து வந்தது. அதில் "விண்ணப்பகாரருக்குச் சொந்தமான வீடு" என்று ஒரு வரி இருந்தது. திகதியையும் இடத்தையும் நிரப்பினால் போதும்.

அவள் என் முதுகுக்குச் சொன்னாள், எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் காக்கா என்று கூப்பிட்டு. "விடியச் சாமம் காக்கா. நாய் குரைச்ச. நான் புள்ளையத் தூக்கிட்டு வேலிக்கால பூந்து வயலுக்குள்ள படுத்திட்டன். அங்க இருந்து பாத்த நான். முதல்ல கூரை, மறுகா கதவு. கதவு முதிரைக் கதவு காக்கா, அது கனநேரம் எரிஞ்ச."

அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்ல முடியவில்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் ஏதாவது சொல்லவேண்டும். எனக்கு அப்படிச் சொல்லத் தெரிந்த ஒரு வார்த்தையும் இல்லை. விரல்களுக்கு வேலை கொடுத்தேன். மாதிரியில் இருந்த வரியைப் பார்த்து, "எனது கணவருக்குச் சொந்தமான வீடு" என்று அடித்தேன். யாருடைய வீடு என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. கேட்டிருந்தால் எங்கள் கரையில் பிறந்த எவனுக்கும் விடை தெரியும்.

வாசித்துக் காட்டினேன். "ஓம்" என்றாள். லோயர் வந்து மேலோட்டமாகப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். கீழே புடைவைக் கடை முதலாளிதான் சமாதான நீதவான், சத்தியம் வாங்கி முத்திரை குத்தும் அதிகாரம் உள்ளவர். அவர் சாரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு முத்திரை குத்தினார். கடிதம் போனது.

ஏழெட்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். புருஷனின் கடிதம் கையில் இருந்தது. அவனை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்று அவர்கள் கொடுத்த காரணத்தை அவன் தமிழில் எழுதியிருந்தான். லோயர் அதைச் சத்தமாக வாசித்தார்.

விசாரணையில் அவனிடம் உனக்குச் சொந்த வீடு உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறான். உன் வீடு எரிந்ததாக உன் மனைவி சத்தியம் செய்திருக்கிறாளே என்று கேட்டிருக்கிறார்கள். எரிந்தது உண்மை, ஆனால் அது எனக்குச் சொந்தமில்லை, எனக்கு ஒரு நாளும் வீடு இருந்ததில்லை என்றிருக்கிறான். அவன் பிறகு அனுப்புவித்த வீட்டு உறுதிப்பத்திரத்தின் பிரதியில் மனைவியின் பேர் இருந்தது. வீட்டை அவளுக்குக் கொடுத்தது அவளுடைய தாய். அப்படியானால் ஒன்றில் புருஷன் பொய், அல்லது மனைவி பொய். ஆகவே வீடு எரிந்ததும் பொய், தேடி வந்ததும் பொய், மற்றதெல்லாமும் நம்பத்தக்கதல்ல. மேன்முறையீடு செய்ய ஒரு மாதம் தருகிறோம். கடிதம் வந்து சேரவே பாதி மாதம் போய்விட்டது.

லோயர் எங்கள் பிரதியைக் கோவைக் கட்டிலிருந்து எடுத்தார். வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதுல புருஷனுக்குச் சொந்தமான வீடெண்டு கிடக்கு. நீங்க அப்படிச் சொன்னீங்களா?"

"இல்ல சேர். காக்கா வாசிச்சவர். நான் ஓமெண்ட."

"வாசிக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"வெளி ஆக்களுக்கு முன்னால அவருக்கு வீடில்லண்டு சொல்லி அவர்ர மானத்த நான் ஏன் சேர் குறைப்பான்? காக்கா ஒரு மரியாதைக்குத்தான் அப்படி எழுதியிருக்காரெண்டு நினைச்ச."

மரியாதை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழும்பு" என்றார் லோயர். "இஞ்சால திரும்பு."

கதிரையைத் திருப்பினேன். அவளுடைய முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"நான் கேக்கல்ல" என்றேன். "மாதிரியப் பாத்து அடிச்ச. எனக்குத் தெரியும், வீடு உங்கடயாத்தான் இருக்குமெண்டு. தெரிஞ்சும் கேக்கல்ல."

"பதினைஞ்சு மனிசர் வந்து பதினாறு கதை சொன்னாலும் எழுதுவான், ஒரு கேள்வி கேக்கமாட்டான்" என்று லோயர் கத்தினார். பிறகு என்னைவிட்டுவிட்டு, "நானும் கவனிக்காம ஒப்பம் வெச்சிருக்கன்" என்றார், யாரிடமும் சொல்லாதது போல.

அவள் கேட்டாள். "இப்ப என்ன செய்யிற சேர்? அவர அனுப்பிருவாங்களா?"

லோயர் ஒவ்வொரு வழியாகச் சொல்லிப் பார்த்தார். மனைவி திருத்தி எழுதினால், பிடிபட்டதும் கதையை மாற்றுகிறாள் என்பார்கள். லோயர் எழுதினால், காசுக்கு எழுதுகிறான் என்பார்கள். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான், ஆணுக்கு வீடில்லை என்று வேறு ஓர் ஆள் சத்தியம் செய்யவேண்டும். அவளுக்கு உறவில்லாத ஆள். சும்மா வழக்கம் இது என்று சொன்னால் போதாது. தன் கதையாகச் சொல்லவேண்டும். இந்தப் பிழை எப்படி நடந்ததென்றும் சொல்லவேண்டும்.

சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். என்னைப் பார்த்தார்.

"உனக்கு வீடிரிக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப உட்கார்ந்து எழுது."

எத்தனையோ பேரின் சத்தியக்கடதாசிகளை அடித்த எனக்கு என்னுடையதைத் தொடங்க இரண்டு நாள் பிடித்தது. என் வயது, ஊர், தொழில் என்று மூன்று வரி வந்தது. பிறகு விரல் நின்றது. மற்றவர்கள் என் முதுகுக்குச் சொன்னார்கள். நான் யாருக்குச் சொல்வது? லோயர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அறிக்கையா கவிதையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாள் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பெண் இரண்டு நாளும் பஸ்ஸில் வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் என்னருகில் வந்து நின்றாள்.

"காக்கா, உங்களுக்குக் கஷ்டமெண்டா நீங்க எனக்குச் சொல்லுங்க. நான் கேட்டுக்கொண்டு இருக்கன். சொல்லிச் சொல்லி அடியுங்க."

அப்படித்தான் செய்தோம். அவள் கேட்டாள். நான் சொன்னேன், சொல்லிக்கொண்டே அடித்தேன்.

"நீங்க இப்ப ஆர்ர வீட்டுல இருக்கீங்க?"

"ராத்தாட."

"அதுக்கு முன்னம்?"

"உம்மாட. அது அதே ஊடுதான்."

"அப்ப ஒங்கட பேர்ல ஒண்டுமில்ல?"

"தங்கச்சிக்கு ஒரு ஊடு கட்டின. அது தங்கச்சிட."

"ஆரு கட்டின?"

"நான்தான்."

அவள் நான் அடித்த தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதயும் அடிங்க காக்கா" என்றாள்.

முடிந்தபோது ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூட. நான் பிறந்த வீடு தாயின் வீடு என்றும், அது இப்போது மூத்த சகோதரியின் வீடு என்றும், அங்கே ஓர் அறையில் இருக்கிறேன் என்றும், என் கையால் கட்டிய வீடு இளைய சகோதரிக்கு எழுதப்பட்டது என்றும், எந்த உறுதியிலும் என் பேர் இல்லை என்றும், கலியாணம் முடித்திருந்தால் மனைவியின் வீட்டில் இருந்திருப்பேன் என்றும், இது எங்கள் கரையில் அவமானமல்ல, வழமை என்றும் இருந்தது. கடைசியில், விண்ணப்பகாரரின் மனைவியிடம் நான் எதையும் கேட்காமல் மாதிரியைப் பார்த்து அந்த வரியை அடித்தேன், பிழை என்னுடையது என்றும் இருந்தது. லோயர் ஓர் இடத்திலும் பேனை வைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். அடித்தேன். அந்த ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது என் வயதும் ஊரின் பேரும்தான். மற்றதெல்லாம் என் வாழ்க்கை என்று லோயர் சொன்னார்.

கீழே புடைவைக் கடை முதலாளியிடம் கொண்டுபோனேன். முத்திரை குத்த வாசிக்கவேண்டியதில்லை, ஒப்பமிடுகிறவன் சத்தியம் செய்தால் போதும். ஆனால் அவர் எதையும் வாசிக்காமல் விடமாட்டார். பாவாடைத் துணிச் சுருளின் மேல் கடதாசியை விரித்து வாசித்தார். இடைக்கிடை என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இதெல்லாம் உள்ளதா?"

"ஓம்."

"அல்லாஹ் சாட்சியா?"

"ஓம்."

முத்திரை குத்தினார். அவர் ராத்தாவின் புருஷனான என் மச்சானோடு ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது மச்சான் எனக்கு முன்னமே வந்திருந்தார். ராத்தா குசினி வாசலில் நின்றாள். கையில் அகப்பை.

"ஜேர்மனிக்காரனுக்கு எழுதிக் குடுத்திரிக்காயாம், ஒனக்கு ஊடில்லண்டு."

நான் தொப்பியைக் கழற்றி மடித்தேன்.

"சொல்லு. முத்திர குத்தின கடதாசில எழுதினயா இல்லியா?"

"எழுதின."

"அப்ப இது என்ன? மாட்டுக் கொட்டிலா?"

"அது ஒரு ஆள்ர உசிரு ராத்தா. ஊட்டுக் கணக்குல அவர நம்பல்ல. அதுக்காக..."

"அதுக்காக ஊரெல்லாம் என்ட மானத்த வித்தயா? தம்பிய அறைக்குள்ள போட்டு வெச்சிரிக்காள், எழுத்தில ஒண்டும் குடுக்கல்ல எண்டு பள்ளிவாசல்ல கதைக்கிறாங்க."

மச்சான் பாயிலிருந்து சொன்னார். "வெள்ளக்காரன் வந்து மச்சானுக்கு ஒரு ஊடு கட்டிக் குடுப்பான் போல. எங்களுக்கும் ஒரு அறை தாங்க மச்சான்." சிரித்தார். அவர் எப்போதும் அப்படித்தான். அவருக்கும் வீடில்லை என்பதை நான் அந்த நேரம் சொல்லியிருக்கலாம்.

"இதுல பொய் எது ராத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

அதைக் கேட்டிருக்கக் கூடாது. அவள் அகப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து என்னுடன் கதைப்பதை நிறுத்தினாள். சோறு மட்டும் வந்தது. அறைவாசலில் மூடி வைத்திருக்கும். முன்பு மீன் தலையை எனக்கு வைப்பாள், இப்போதும் வைத்தாள். ஆனால் கூப்பிடமாட்டாள். நான் சாப்பிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைப்பேன். மாதக்கணக்காக அப்படி.

தேநீர்க் கடையிலும் யாருக்கும் என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டிலும் இல்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரையோரமாகப் பாலமுனை வரை போவேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. தோணிகள் இழுத்து வைத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புவேன். ஒரு தடவை வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "ஆர்ர ஊட்டுக்கு வந்த?" என்று கேட்டார். சும்மா வந்தேன் என்றேன். ஒரு ஊருக்குச் சும்மா வருகிற ஆளை அவர் நம்பவில்லை. அவர் நம்பாததும் சரிதான். அந்தக் காலத்தில் சும்மா வருகிறவர்களைப் பற்றி எல்லோருக்கும் பயம்.

ஜேர்மனியில் இருந்த அந்த மனிதனைப் பற்றி அடிக்கடி நினைத்தேன். நான் அவனைக் கண்டதில்லை. ஒரு கட்டிலில் அவன் இருப்பதாகவும், கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் எழும்பி நிற்பதாகவும் நினைத்துக்கொள்வேன். என் ஒரு வரியால் அவன் திரும்பி வந்தால், இறங்குகிற இடத்தில் அவனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப்போல எத்தனையோ அடித்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்றும் என்னால் நடந்ததில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் அவள் படியேறி வந்தாள். இரண்டிரண்டு படியாக ஏறி வந்த சத்தம் கேட்டது. மூச்சு வாங்கினாள்.

"ஏத்துக்கிட்டாங்க சேர். இருக்கச் சொல்லிட்டாங்க."

லோயர் எழும்பி நின்றார். கடிதத்தை வாங்கி வாசித்தார். புருஷன் எழுதியிருந்தது சின்னக் கடிதம். இரண்டாம் விசாரணையில் ஒரு பெண் நீதவான் இருந்தாவாம். என் கடதாசியை மொழிபெயர்ப்பாளர் முழுக்க வாசித்தாராம். அந்தப் பெண் நீதவான் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்த மனிதர் தன் சகோதரிக்கு வீடு கட்டினாரே, அதற்குப் பதிலாக அவருக்கு என்ன கிடைத்தது? அவன், எங்கள் ஊரில் அதை அப்படிக் கேட்பதில்லை என்று சொன்னானாம். அவ எதையோ குறித்துக்கொண்டாவாம். பிறகு மற்ற விஷயங்களைக் கேட்டார்களாம், தடுத்து வைத்திருந்ததையும், தேடி வந்ததையும். இந்தத் தடவை நம்பினார்கள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அவர் உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னவர் காக்கா. அவர் சலாமெண்டு எழுதினத நான் கண்டதில்ல. ஆரோ அங்க பழக்கிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். லோயர் பிளேன்டீக்குச் சொன்னார். அவள் குடித்துவிட்டுப் போனாள். அடுத்த வருடம் பிள்ளையோடு அவளும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்டதில்லை, கேட்டதுதான்.

லோயர் என் கடதாசியை விடவில்லை. எங்கள் கரையிலிருந்து போன வேறு ஆட்களின் விண்ணப்பங்களோடும் அதன் பிரதியை இணைத்தார். காபன் தாள் வைத்து நானே அடித்தேன். சுவிஸுக்கு ஒன்று போனது, பிரான்சுக்கு ஒன்று போனது. இங்கே தேநீர்க் கடையில் என்னுடன் ஒருவர் இருந்து கதைப்பதில்லை. எங்கேயோ ஒரு பெண் நீதவான் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறா. அந்தக் கேள்வி சில நாள் என்னோடு கூட வந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

ராத்தா கதைத்தது அதற்குப் பிறகு ஒரு நோன்பு மாதத்தில். நோன்பு திறக்க எல்லோரும் பாயில் இருந்தோம். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. என்னைப் பார்க்காமல் மச்சானிடம் சொன்னாள், "அந்தக் கடதாசில என்னதான் இரிக்கெண்டு ஒருக்கா வாசிங்களன். ஊர் வாசிச்சிரிக்கி, நான் வாசிக்கல்ல."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் அறைக்குப் போய்த் தமிழ்ப் பிரதியை எடுத்து வந்தேன். மச்சான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். தொடக்கத்தில் செய்தி வாசிக்கிறவர் போல குரலை மாற்றி வேடிக்கை காட்டினார். "மேற்படி நான்" என்று வந்த இடத்தில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். தங்கச்சி வீட்டுக்குக் கல் அரிந்த இடம் வந்தபோது வேடிக்கையை விட்டுவிட்டு மெதுவாக வாசித்தார். ராத்தா பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிழை என்னுடையது என்ற வரியோடு மச்சான் கடதாசியை மடித்தார்.

"முடிஞ்சா?" என்றாள் ராத்தா.

"முடிஞ்ச."

"நான் சோறு தாறத எழுதல்லியே."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். எழுதவில்லை. இத்தனை வருடம் ஒரு நாளும் தப்பாமல் அவள் சோறு வைத்தாள், கதைக்காத மாதங்களிலும் வைத்தாள். அதை லோயர் கேட்கவில்லை, அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. எனக்கும் வரவில்லை. தேவையில்லாததை எழுதாதே என்பது லோயரின் மூன்றாவது சட்டம் என்று ராத்தாவுக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"எழுதல்ல ராத்தா" என்றேன்.

"ம்" என்றாள்.

பாங்கு கேட்டது. அவள் பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினாள். நோன்பு திறந்தோம்.